சந்தையும் சாட்டையும்: பினாங்கை முன்வைத்து ஒரு நீண்ட விவாதம்

சந்தையைத் திறந்துவிட்டால் ஆட்சியின் பிடி நாளடைவில் தளரும் என்பார் ஒரு சாரார். பிடியை இறுக்காமல் சந்தையைத் திறக்கவே முடியாது என்பார் இன்னொரு சாரார். இரண்டுக்கும் உறவே இல்லை, ஒரே காலத்தில் நடந்ததால் உறவுள்ளவைபோலத் தோன்றுகின்றன என்று சொல்வோரும் உண்டு. இந்தச் சர்ச்சை 1970களில் சிலி நாட்டில் தொடங்கியது என்று பாடநூல்கள் நம்மைப் பழக்கிவிட்டன. பினாங்குத் தீவில் அது அதைவிட ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு மூத்தது.

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைக் கைப்பற்றி, சுங்கத் தீர்வை இல்லாத துறைமுகமாக அறிவித்தார். இடையில் சில காலம் தீர்வை விதிக்கப்பட்டாலும் அந்தப் பெயர் நிலைத்தது. 1802இல், மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட மறு ஆண்டு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டு நாடுகடத்தப்பட்டது இதே தீவுக்குத்தான். சரக்கு தடையின்றி வந்துபோன இடம், தோற்றவர்களுக்குத் திரும்ப முடியாத இடமாக இருந்தது. தெருக்களையும் சாலைகளையும் போட்டதில் இந்தியக் கைதிகளின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. கம்பெனி ஆட்சியை நடத்தியவர்களை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

காலனியாதிக்கத்தை இன்றைய ஆட்சிமுறைகளோடு நேராக ஒப்பிடுவது ஆபத்தானது. ஆனாலும் தடையற்ற வணிகமும் கேள்விக்கு இடமில்லாத அதிகாரமும் ஒரே கூரையின்கீழ் நிம்மதியாகக் குடியிருக்க முடியும் என்பதற்கு இது பழைய சான்று. அந்தக் குடியிருப்பு தற்செயலானதா, அவசியமானதா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள்.

சந்தை வந்தால் சுதந்திரம் வருமா?

முதல் விடை நம்பிக்கையின் விடை. வளர்ச்சி கல்வியைத் தரும், கல்வி நடுத்தர வர்க்கத்தைத் தரும், நடுத்தர வர்க்கம் மக்களாட்சியைக் கேட்டு வாங்கும் என்று சீமோர் மார்ட்டின் லிப்செட் 1959இல் வாதிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து மில்டன் ஃபிரீட்மன், பொருளாதாரச் சுதந்திரம் இல்லாமல் அரசியல் சுதந்திரம் நிலைக்காது என்று எழுதினார். முதலாவது இருந்துவிட்டால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. பிற்காலத்தில் அவரை மேற்கோள் காட்டியவர்கள் பலர் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டார்கள்.

பினாங்கு இந்த விடைக்கு ஓரளவு சாதகமான சாட்சி. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக மண்டலம் தொடங்கியது. அதன் ஆலைகளால் வளர்ந்த நகர்ப்புற நடுத்தர வர்க்கம் 2008 மார்ச்சில் பாரிசான் நேசனல் கூட்டணியை மாநில ஆட்சியிலிருந்து இறக்கியது. ஆனால் இடையில் 36 ஆண்டுகள் இருக்கின்றன. இவ்வளவு நீண்ட இடைவெளியில் எதையும் எதற்கும் காரணமாகக் காட்டிவிடலாம். தவிர, 1950களிலும் 60களிலும், அதாவது ஆலைகள் வருவதற்கு முன்பே, பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் வாக்காளர்கள் எதிர்க்கட்சிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆடம் பிரிஸ்வோர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு 1990களில் வந்தடைந்த முடிவு இங்கே பொருந்துகிறது: செல்வம் மக்களாட்சியைக் கொண்டுவருவதில்லை, வந்த மக்களாட்சியைக் காப்பாற்ற உதவுகிறது. பக்கத்துச் சிங்கப்பூர் லிப்செட்டின் வரைபடத்தில் இன்றுவரை ஒட்டாமல் நிற்கிறது.

முதலில் சாட்டையா?

இரண்டாவது விடை கடுமையானது. சீர்திருத்தம் முதலில் வலியைத் தரும். பலன் பிறகுதான் வரும். இடையில் தேர்தல் வந்தால் சீர்திருத்தம் செத்துவிடும். எனவே வாக்காளரின் கோபம் எட்டாத ஆட்சி தேவை. சிங்கப்பூரின் லீ குவான் யூ ஒழுங்கின் பெயரால் இதை நியாயப்படுத்தினார். ஃபிரெட்ரிக் ஹாயெக் சிலிக்குப் போய்வந்த காலத்தில், தாராளவாதம் இல்லாத மக்களாட்சியைவிடத் தாராளவாதச் சர்வாதிகாரியே மேல் என்ற பொருளில் பேசினார். இதே உறவைக் கண்டித்தவர்களும் ஏறக்குறைய அதே வரைபடத்தைத்தான் வரைந்தார்கள். கார்ல் பொலானி 1944லேயே, தடையற்ற சந்தை தானாக முளைத்ததல்ல, அரசு திட்டமிட்டு உருவாக்கியது என்று காட்டினார். ஸ்டூவர்ட் ஹால் தாட்சரின் பிரிட்டனில் அதிகாரவாத வெகுஜனவாதத்தைக் கண்டார். டேவிட் ஹார்வி நவதாராளவாதத்தை வர்க்க அதிகாரத்தை மீட்கும் திட்டம் என்றார். புகழ்ந்தவரும் பழித்தவரும் காரண காரியத்தில் ஒத்துப்போவது இந்த விவாதத்தின் விசித்திரம்.

தமிழ் வாசகர்களுக்கு இதன் மிக நெருக்கமான உதாரணம் இலங்கை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்தன இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். மறு ஆண்டு நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு கட்டுநாயக்கவில் வணிக வலயம் எழுந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ 40,000 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். 1982இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பை நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. திறந்த இறக்குமதியில் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காய விவசாயிகள் அடிவாங்கினார்கள். மூடிய பொருளாதாரத்தில் அரசின் ஆதரவோடு வளர்ந்த நடுத்தரச் சிங்கள முனைவோர் பின்தள்ளப்பட்டதையும் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையையும் இணைத்து ஆராய்ந்தார் நியூட்டன் குணசிங்க. ஆனால் இனமுரண்பாட்டின் வேர்கள் 1956இன் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்துக்கும் அதற்கு முன்பும் செல்கின்றன. திறந்த பொருளாதாரம் தீயைப் பெருக்கியது என்று சொல்லலாம். மூட்டியது என்று சொல்லச் சான்று போதாது.

எதிர்ச்சான்றும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவின் நெருக்கடி நிலை 1975 முதல் 1977 வரை. பெரிய பொருளாதாரத் திறப்பு 1991இல், நாடாளுமன்றத்தில் பெரும்பான்மைகூட இல்லாத ஓர் அரசின் கையால். சாட்டை இருந்தபோது சந்தை அந்த அளவு திறக்கவில்லை. திறந்தபோது சாட்டை இல்லை. இந்த ஒரு வழக்கே ‘அவசியம்’ என்ற சொல்லைச் சாய்த்துவிடுகிறது. ‘வசதி’ என்ற சொல்லை அது சாய்க்கவில்லை.

பாயான் லெப்பாஸ்: எந்தக் கதவுகள் மூடப்பட்டன?

நாடுகளை ஒட்டுமொத்தமாக எடைபோடும்போது இந்த விவாதம் ஓரிடத்திலேயே சுற்றுகிறது. ஒரே ஊரில் எது திறந்தது, எது மூடியது என்று எண்ணிப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது.

1951 டிசம்பரில் மலாயாக் கூட்டரசின் முதல் நகராட்சித் தேர்தல் ஜார்ஜ்டவுனில் நடந்தது. 1957இல் அது மாநகரமானது. தொழிற்கட்சியின் கைக்கு வந்த மாநகராட்சியில் டி.எஸ். இராமநாதன் மேயராக இருந்தார். மின்சாரம், தண்ணீர், பேருந்து ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தன. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி நாடெங்கும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு மாநகராட்சியின் பொறுப்புகளை மாநில அரசு எடுத்துக்கொண்டது. அத்தி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தலைத் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன மன்றங்களை நிரந்தரமாக்கியது.

1960களின் இறுதியில் சுதந்திரத் துறைமுகத் தகுதி பறிபோனது. துறைமுகத்தை நம்பியிருந்த கூலிகளும் கடைக்காரர்களும் வேலையின்றித் தவித்தார்கள். 1967 நவம்பரில் பழைய நாணயத்தின் மதிப்புக் குறைப்பை எதிர்த்து நடந்த ஹர்த்தால் கலவரத்தில் முடிந்தது. 1969 மே தேர்தலில் கெராக்கான் கட்சி பினாங்கைக் கைப்பற்றியது. மே 13 அன்று கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. அந்த அவசரகாலச் சூழலிலேயே, 1969 நவம்பரில், கெராக்கானின் முதலமைச்சர் லிம் சோங் இயூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினார். ராபர்ட் நேதன் அசோசியேட்ஸ் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் தந்த திட்டம், மாநிலத்தை ஏற்றுமதித் தொழில்களின் பக்கம் திருப்பச் சொன்னது. இன்டெல், ஹியூலெட்-பேக்கார்ட், ஏ.எம்.டி., நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் ஆலை திறந்தது இங்கேதான்.

வந்தவர்களுக்கு வரிவிலக்கும் நிலமும் மட்டும் தரப்படவில்லை. முன்னோடித் தகுதி பெற்ற நிறுவனங்களில் கூட்டு ஒப்பந்தங்கள், வேலைச் சட்டத்தின் குறைந்தபட்சச் சலுகைகளைத் தாண்டக்கூடாது என்று 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் கட்டுப்படுத்தியது. பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையிலிருந்து ஆலைகளுக்கு விலக்குக் கிடைத்தது. மின்சாதனத் தொழிலாளர் சங்கம் மின்னணுத் தொழிலாளர்களைச் சேர்க்கக்கூடாது என்று பதிவாளர் தீர்ப்பளித்தார். மின்சாதனம் வேறு, மின்னணு வேறாம். 1988இல் சங்கம் அமைக்கலாம் என்று அறிவித்த அரசு, சில வாரங்களில் அதை நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கமாகச் சுருக்கியது. வட்டார அளவிலான சங்கங்களுக்குக்கூட 2009, 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை முழுச் சர்வாதிகாரம் என்று சொல்ல முடியாது. தேர்தல் நடந்தது, எதிர்க்கட்சி சட்டமன்றத்தில் இருந்தது. மண்டலத்தைக் கட்டிய லிம் சோங் இயூவையே 1990இல் பாடாங் கோத்தா வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அவர் போனார், அவர் சார்ந்த கூட்டணி ஆட்சியில் நீடித்தது. ஸ்டீவன் லெவிட்ஸ்கியும் லூக்கன் வேயும் ‘போட்டியுள்ள அதிகாரவாதம்’ என்று வகைப்படுத்திய ஆட்சிகளில் மலேசியாவும் ஒன்று. ஆனால் அந்த வகைப்பாடு மேல்மாடியைத்தான் பார்க்கிறது. ஆலைத் தளத்திலும் நகராட்சியிலும், முதலீட்டால் நேரடியாகப் பாதிக்கப்படுவோர் பேசக்கூடிய இடங்களில், போட்டி என்பதே இல்லை. அதிகாரம் எல்லா இடத்திலும் இறுகத் தேவையில்லை; முதலீட்டின் கணக்கைக் கலைக்கக்கூடிய குறிப்பிட்ட இடங்களில் இறுகினால் போதும். இந்தக் கட்டுரையாளருக்குப் பினாங்கின் சான்றுகள் இந்த வாசிப்பையே நோக்கிச் சாய்வதாகப் படுகிறது.

ஒரு தடை உண்டு. உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தியது ஆலைகளுக்காக அல்ல. 1965இல் பாயான் லெப்பாஸில் பெரும்பாலும் வயலும் தோப்பும்தான். பிற்காலத் திறப்புக்கு அது பயன்பட்டது என்று சொல்லலாமே தவிர, அதற்காகவே செய்யப்பட்டது என்று சொல்ல முடியாது.

1987: நெடுஞ்சாலையும் கமுண்டிங்கும்

தனியார்மயத்துக்கும் அடக்குமுறைக்கும் உள்ள உறவை நிறுவ விரும்புவோர் தவறாமல் வந்துசேரும் ஆண்டு இது. 1983இல் ‘மலேசிய நிறுவனம்’ என்ற கொள்கையை அறிவித்த பிரதமர் டாக்டர் மகாதீர், அரசு செய்துவந்த பணிகளைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தொடங்கினார். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்தம் யுனைட்டட் எஞ்சினியர்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அந்நிறுவனம் அம்னோ கட்சியின் நலன்களோடு பின்னிப்பிணைந்தது. எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் அதைத் தடுக்க வழக்குத் தொடுத்தார். 1987 அக்டோபர் 27 அன்று ‘ஓப்பராசி லாலாங்’ கைதுகள் தொடங்கின. இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளே போனார்கள். லிம் கிட் சியாங், கர்பால் சிங், பி. பட்டு, பினாங்கை மையமாகக் கொண்ட அலிரான் அமைப்பின் சந்திரா முசாஃபர், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் ஆகியோர் அவர்களில் சிலர். 1971இல் பினாங்கில் தோன்றிய ‘தி ஸ்டார்’ உட்பட மூன்று நாளிதழ்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. 1988இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், இந்த வழக்கைத் தொடர லிம்முக்குத் தகுதியே இல்லை என்றது. அப்போது அவர் கமுண்டிங் தடுப்பு முகாமில் இருந்தார். அதே ஆண்டு நீதித்துறைத் தலைவர் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார்.

கதை இவ்வளவு கச்சிதமாக இருப்பதே எச்சரிக்கை. கைதுகளுக்கு உடனடிக் காரணமாக இருந்தவை சீனப்பள்ளி நியமனங்களைச் சுற்றி எழுந்த இனப்பதற்றமும் அம்னோவின் உட்பூசலும். கைதானவர்களில் ஆளுங்கட்சிக்காரர்களும் இருந்தார்கள். நெடுஞ்சாலைக்காகவே நாட்டைப் பூட்டினார்கள் என்பது மிகை. 1960இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒப்பந்தங்களைக் கேள்வி கேட்டவர்களும் வேறு காரணத்துக்காக விரித்த அந்த வலையில் விழுந்தார்கள். நீண்டகால விளைவு என்னவோ நீதிமன்றத் தீர்ப்பில்தான் இருக்கிறது. பொதுச் சொத்து கைமாறும்போது ஒரு குடிமகன் வழக்காட முடியுமா என்ற கதவு அங்கே பெருமளவு சாத்தப்பட்டது.

1998: கணக்கு தலைகீழாகும்போது

அதிகாரவாதமும் சந்தைச் சீர்திருத்தமும் இரட்டைப் பிள்ளைகள் என்போருக்கு 1998 பெரிய இடைஞ்சல். ஆசிய நிதி நெருக்கடியில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் செலவைக் குறைத்து, பன்னாட்டு நிதியத்தின் மருந்தை ஒத்த வழியில் போனார். மகாதீர் அதற்கு நேர்மாறாக, செப்டம்பர் 1 அன்று மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்தார். ரிங்கிட்டின் மதிப்பு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது. மறுநாள் அன்வார் பதவி இழந்தார். அதே மாதம் கைதானார். பினாங்குப் பெருநிலத்தில் உள்ள அவருடைய பெர்மாத்தாங் பாவ் தொகுதியிலிருந்து ரிஃபோர்மாசி இயக்கம் எழுந்தது. சந்தையைக் கட்டுப்படுத்தியவர் கையில் சாட்டை இருந்தது. சந்தைக்கு இணங்கியவர் சிறைக்குப் போனார்.

தாமஸ் பெப்பின்ஸ்கி இதை ஆட்சியின் ஆதரவாளர் கூட்டணியைக் கொண்டு விளக்குகிறார். மலேசிய ஆட்சியைத் தாங்கியவர்கள் உள்நாட்டு முதலாளிகளும் மலாய் வெகுஜனங்களும். மூலதனத்தை அடைத்துவைப்பது இருவருக்கும் ஒத்துவந்தது. இந்தோனேசியாவில் சுகார்த்தோவின் ஆதரவாளர்களில் மூலதனத்தை வெளியே கொண்டுபோகக் கூடியவர்கள் இருந்தார்கள், கூட்டணி பிளந்தது, 1998 மேயில் அவர் வீழ்ந்தார். எதேச்சாதிகாரிக்குச் சந்தைமேல் கொள்கைப் பற்று இருக்க வேண்டியதில்லை என்பது இந்த விளக்கத்தின் பலம். நகர்ப்புறச் சீனரும் தோட்டத்துத் தமிழரும் இதில் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு அதில் இடம் குறைவு.

மலேசியாவை நவதாராளவாத நாடு என்று சொல்லலாமா என்ற தயக்கமும் இங்கேதான் வருகிறது. 1971 முதல் புதிய பொருளாதாரக் கொள்கை இனவாரியாகப் பங்குடைமைக்கு இலக்கு வைத்தது. இங்கே நடந்தது தனியார்மயம் என்ற பெயரில் நடந்த அரசியல் பங்கீடு என்பதை ஜோமோ க.ச.வும் எட்மண்ட் டெரன்ஸ் கோமஸும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் சுமார் 66,000 இந்தியர்கள், பலர் தோட்டப்புறத்தவர்கள், பணம் போட்டார்கள். 1990இல் டெலிகாம் பங்கு ஒதுக்கீட்டைச் சுற்றி எழுந்த சர்ச்சை, பங்கீட்டிலும் கடைசி வரிசை யாருக்கு என்பதைக் காட்டியது. ‘கலப்பட நவதாராளவாதம்’ என்று சமாளிப்போர் உண்டு. ஆனால் கலப்படம் இல்லாத ஒன்றை எந்த நாட்டிலும் காட்ட முடியாது என்பதால் அந்த அடைமொழி அதிகம் விளக்குவதில்லை.

ஆட்சி மாறிய பிறகு

2008க்குப் பிந்தைய பினாங்குதான், என் பார்வையில், விவாதத்துக்கு மிகப் புதிய சான்று. வாக்குப்பெட்டி வழியாக ஆட்சி மாறியது, பேராசிரியர் பி. இராமசாமி துணை முதலமைச்சரானார். முதல் சோதனை கம்போங் புவா பாலா. குளுகோரில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் சிற்றூர் அது. நிலத்தை ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒதுக்க முந்தைய ஆட்சி ஒப்புதல் அளித்திருந்தது. மேம்பாட்டு நிறுவனம் வீட்டுமனைத் திட்டத்தோடு வந்தது. நீதிமன்றங்களில் ஊர்மக்கள் இறுதியில் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஈடாக மாடிவீடுகள் பேசி முடிக்கப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். சர்வாதிகாரி யாரும் தேவைப்படவில்லை; பட்டா, தீர்ப்பு, புல்டோசர் போதுமானதாக இருந்தன.

அதற்கு முன்பே ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் ஓர் ஒத்திகை நடந்திருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997இல் நாடாளுமன்றம் ரத்து செய்தது; 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களின் வாடகைகள் சந்தைக்கு விடப்பட்டன. பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். எட்டாண்டு கழித்து யுனெஸ்கோ நகரத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குடித்தனக்காரர்கள் முறையிடத் தேர்ந்தெடுத்த மாநகராட்சி இல்லை. அதைத் திருப்பிக் கொண்டுவரப் பினாங்கு சட்டமன்றம் 2012இல் சட்டம் இயற்றியது; 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2018இல் பாரிசான் கூட்டரசு ஆட்சியை இழந்த பிறகும் உள்ளாட்சித் தேர்தல் வரவில்லை.

எது இன்னும் தீராமல் இருக்கிறது

சந்தை தானாகச் சாட்டையை உடைக்கும் என்ற விடைக்குப் பினாங்கில் ஆதரவு குறைவு. சாட்டையில்லாமல் சந்தை இல்லை என்ற விடையும், இந்தியாவின் 1991ஐயும் மலேசியாவின் 1998ஐயும் வைத்துப் பார்த்தால், முழுதாக நிற்பதில்லை. குறிப்பிட்ட கதவுகள் மூடப்படுவதைக் கவனிக்கும் அணுகுமுறை சான்றுகளோடு கூடுதலாக ஒத்துப்போகிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் அது ஒரே ஊரை வைத்துச் செய்த மதிப்பீடு. பிற ஊர்களில் சோதிக்காமல் அதைப் பொதுவிதியாக்க முடியாது. தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரும் இலங்கையின் கட்டுநாயக்கவும் அதற்கு ஏற்ற ஒப்பீடுகள்.

அன்வார் 2022 நவம்பரில் பிரதமரானார். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை வெட்டினார். இசா சட்டம் 2012இல் போனது. அதன் இடத்தில் வந்த சொஸ்மா இருக்கிறது. மானியக் குறைப்புக்கு எதிர்ப்பு முற்றினால் அந்தச் சட்டம் எங்கே பாயும், பாயாதா என்பதை இப்போது யாரும் கணிக்க முடியாது.

தீவின் தெற்குக் கரையில் இன்னொரு சோதனை நடக்கிறது. கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள் எழுப்பும் திட்டத்தை எதிர்த்து மீனவர்கள் முறையிட்டார்கள். 2021 செப்டம்பரில் சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு வாரியம் திட்டத்தின் ஒப்புதலை ரத்து செய்தது. 2023இல் புதிய ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு மூன்று தீவுகள் ஒன்றாகச் சுருங்கின. முறையிடும் வாசல் திறந்திருந்ததால்தான் சுருங்கினவா, செலவுக் கணக்கும் கூட்டணிப் பேரமும் அதைச் செய்தனவா என்பதை ஆவணங்கள் முழுதாக வெளிவந்த பிறகே பிரித்தறிய முடியும். முதல் காரணம் உறுதிப்பட்டால் மேலே சொன்ன மதிப்பீடு வலுப்படும். இரண்டாவது என்றால், திறந்த கதவுகளின் மதிப்பை நான் கூட்டிச் சொன்னதாக ஆகும்.